கீழக்கரை லாத்தா வீட்டுத் தொதல்

அரிசி மாவும் தேங்காய்ப்பாலும் சேர்த்துக் கிண்டும் தொதல் என்ற இனிப்பைக் கீழக்கரையில் எங்கே வாங்கலாம் என்று என்னிடம் கேட்பவர்கள் நிறைய. அந்த ஊர்த் தபால் நிலையத்தில் 11 வருஷம் கவுன்டரில் உட்கார்ந்தவன் என்பதால் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதற்குப் பதில் இங்கேயே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளும். காரணம் போகப் போகத் தெரியும்.

ராமநாதபுரத்திலிருந்து திருப்புல்லாணி வழியாக 17 கிலோமீட்டர். இறங்கிக் கடற்கரைப் பக்கம் நடந்தால் வரும் தெருக்களில் ஒன்றில், பெயர்ப்பலகை இல்லாத ஓட்டு வீடு. திண்ணையில் ஒரு தராசு இருக்கும், அதுதான் அடையாளம். தெருவில் யாரைக் கேட்டாலும் "லாத்தா வீடா?" என்று கை காட்டுவார்கள். லாத்தா என்றால் அக்கா. அவருக்கு வயது 68, எனக்கு 63. ஊரே அப்படிக் கூப்பிடுகிறது, நானும் அப்படித்தான்.

அங்கே விற்பது தொதல் ஒன்றுதான். கருப்பட்டித் தொதல், சீனித் தொதல் என்று இரண்டு வகை. போன மாதம் நான் கருப்பட்டித் தொதல் கிலோ 480 ரூபாய்க்கு வாங்கினேன். சீனித் தொதல் 100 ரூபாய் குறைவு. அந்த 100 ரூபாயை மிச்சம் பிடிக்க வேண்டாம் என்பது என் யோசனை. சீனித் தொதல் இனிக்கிறது, அதற்கு மேல் ஒன்றும் இல்லை. கருப்பட்டியில் செய்ததை வெட்டும்போதே வித்தியாசம் தெரிந்துவிடும். நல்ல கறுப்பு, மேலே எண்ணெய் மினுமினுப்பு. விரலால் அழுத்தினால் குழி விழும், மெல்ல எழும்பி வரும், விரல் நுனியில் தேங்காய் எண்ணெய் பளபளக்கும். வாயில் போட்டதும் முதலில் வருவது புகை வாசம், அப்புறம் கருப்பட்டி, கடைசியில் வறுபட்ட தேங்காய்ப்பால். பல்லில் ஒட்டாது. பல்லில் ஒட்டினாலோ மாவு வாசம் அடித்தாலோ பாதியில் இறக்கிவிட்டார்கள் என்று அர்த்தம். பஸ் ஸ்டாண்ட் பக்கம் அவசரத்துக்கு வாங்கிய தொதலில் அந்த மாவு வாசத்தை இரண்டு முறை அனுபவித்திருக்கிறேன்.

தொதல் என்ற பெயரே மலாய்க் கரையிலிருந்து வந்தது. அங்கே தோதோல் என்பார்கள், இலங்கையிலும் இது உண்டு. கப்பல் ஏறிப் போனவர்கள் பெயரோடு சேர்த்துக் கைப்பக்குவத்தையும் கொண்டுவந்து இந்த ஊரில் சேர்த்துவிட்டார்கள்.

எப்படிச் செய்கிறார்கள் என்பதை ஒரு முறை முழுசாகப் பார்த்தேன். என் மனைவிதான் கேட்டாள், "லாத்தா, நாங்க இருந்து பாக்கலாமா?" என்று. பின்கொல்லையில் பெரிய செம்புச் சட்டி, ஈயம் பூசியது. விறகு நம் ஜில்லா முழுக்க மண்டிக் கிடக்கும் சீமைக்கருவேலம். பத்துத் தேங்காய்ப் பால், ஒரு கிலோ பச்சரிசி மாவு, மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் மேலே சாயல்குடிப் பக்கத்துக் கருப்பட்டி. கருப்பட்டியைக் கரைத்து இரண்டு தடவை துணியில் வடிகட்டினார் லாத்தா. துணியில் தங்கிய மண்ணையும் தூசியையும் என் மனைவியிடம் காட்டி, "இது வயித்துக்குள்ள போனா யாருக்கு நோவு?" என்றார்.

மாவைத் தண்ணிப் பாலில் கரைத்துக் கருப்பட்டிப் பாகோடு அடுப்பில் ஏற்றினார்கள். முதல் மணி நேரம் கஞ்சி மாதிரி கொதிக்கிறது. அப்புறம் கெட்டிப் பால். அதிலிருந்து துடுப்பு கனக்கத் தொடங்குகிறது. ஆள் உயரத்துக்குப் பாதி இருக்கும் மரத்துடுப்பு. லாத்தாவும் மருமகளும் கூலிக்கு வரும் ஒரு பெண்ணுமாக மாற்றி மாற்றிப் பிடிக்கிறார்கள். ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறும்போதும் துடுப்பு நிற்பதில்லை. இரண்டு பேர் கையும் ஒரு சுற்று சேர்ந்து போகிறது, அதற்குப் பிறகுதான் முதல் ஆள் விடுகிறார். நின்றால் அடிப்பிடிக்கும். அடிப்பிடித்தால் அந்தச் சட்டியே போச்சு, மேலாகச் சுரண்டி எடுத்தாலும் தீய்ந்த வாசம் போகாது. நாலரை மணி நேரம் இப்படி. கடைசியில் ஓரமெல்லாம் எண்ணெய் கக்கி, மொத்தமும் ஒரே உருண்டையாகச் சட்டியை விட்டுச் சுருண்டு வருகிறது. முந்திரியும் ஏலமும் அப்போதுதான் போடுகிறார்கள்.

என் மனைவி நடுவில் துடுப்பை வாங்கி ஒரு பத்து நிமிஷம் கிண்டினாள். நான் கொல்லை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

வேலையில் இருக்கும்போதே நான் அஞ்சல்வழியில் தத்துவம் எம்.ஏ. படித்தேன். கிரேக்கர்கள் அன்புக்குப் பல சொல் வைத்திருந்தார்கள் என்று அப்போது படித்தது. காமத்துக்கு ஒன்று, நட்புக்கு ஒன்று. வீட்டுக்குள் இருக்கும் அன்புக்கு, முக்கியமாகப் பெற்றவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் நடுவில் இருப்பதற்கு, ஸ்டோர்கே என்று ஒரு சொல். பழைய தமிழ் வேதாகமத்தில் 'சுபாவ அன்பில்லாதவர்கள்' என்று ஓர் இடத்தில் வரும். மூலத்தில் அது இந்தச் சொல்லின் எதிர்ப்பதம். சுபாவ அன்பு என்ற அந்த மொழிபெயர்ப்பு எனக்கு மிகவும் பிடிக்கும். ரோமில் ஃபிரான்டோ என்ற பேராசான், பேரரசர் மார்க்கஸ் ஔரேலியசுக்கு ஆசிரியராக இருந்தவர், இந்த அன்புக்கு லத்தீனில் சொல்லே இல்லை, ஏனென்றால் ரோமில் யாரிடமும் அது இல்லை என்று ஒரு கடிதத்தில் எழுதினார். நமக்குச் சொல்லுக்குப் பஞ்சமில்லை. பாசம், வாஞ்சை, பரிவு, ஈரம் என்று அடுக்கிக்கொண்டே போகலாம்.

அரிஸ்டாட்டில் தன் நிக்கோமாக்கிய அறவியலின் எட்டாம் புத்தகத்தில் இதைப் பேசுகிறார். பெற்றவர்கள் பிள்ளைகளைத் தங்களில் ஒரு பகுதி என்றே நேசிக்கிறார்கள் என்கிறார். பல்லும் முடியும் எப்படி உடம்புக்கு உடையவனைச் சேர்ந்ததோ அப்படி. பிள்ளை பிறந்த உடனேயே தாய்க்கு அந்த அன்பு வந்துவிடுகிறது. பிள்ளைக்கோ விவரம் தெரிந்து, காலம் போன பிறகுதான் வருகிறது. அதே புத்தகத்தில் இன்னோர் இடம் உண்டு. சில தாய்மார் பிள்ளையை வேறு ஆளிடம் வளர்க்கக் கொடுத்துவிடுகிறார்கள். தாய் இன்னார் என்றே பிள்ளைக்குத் தெரியாது, அதனால் தாய்க்குச் செய்ய வேண்டியதை அது செய்யவும் செய்யாது. பிள்ளை நன்றாக இருக்கிறது என்று பார்த்தாலே அந்தத் தாய்க்குப் போதும், பதிலுக்கு எதையும் கேட்பதில்லை என்று எழுதுகிறார்.

இதைப் படித்தபோது எனக்கு எதிரே கீழக்கரைத் தாய்மார்தான் வரிசையில் நின்றார்கள். பொய்யில்லை. பாடப் புத்தகத்தைக் கவுன்டருக்குக் கீழே வைத்துத்தான் படிப்பேன். தொண்ணூறுகளில் அந்த ஊரில் பாதி வீட்டுப் பிள்ளைகள் ஜித்தாவிலும் தம்மாமிலும் துபாயிலும் இருந்தார்கள். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை லீவு. உம்மாக்கள் பார்சல் கொண்டுவருவார்கள். துணி சுற்றி, ஊசி நூலால் நெருக்கித் தைத்து, மூட்டுகளில் அரக்கு வைக்க இடம் விட்டிருக்கும். முகவரியை என்னிடம்தான் எழுதச் சொல்வார்கள், பி.ஓ. பாக்ஸ் நம்பர் தப்பாகிவிடக் கூடாது என்று. உள்ளே என்ன என்று படிவத்தில் எழுத வேண்டும். கேட்டால் சொல்வார்கள்: ஊறுகாய், துணிமணி, தொதல், ஒரு கேசட். கேசட்டில் பாட்டு இருக்காது. வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசிப் பதிந்த குரல்கள். பார்சலை எடை போட்டு உள்ளே தள்ளிய பிறகும் சிலர் நகர மாட்டார்கள். அது எந்தப் பையில் போகிறது என்று பார்த்துவிட்டுத்தான் போவார்கள்.

லாத்தாவை எனக்குத் தெரிந்ததும் அப்படித்தான். அவர் புருஷன் அப்போது சவூதியில். மாதம் ஒரு தடவையாவது வருவார். அப்போது தொதல் வியாபாரம் கிடையாது, வீட்டுக்குச் செய்வதோடு சரி.

1998ல் என் மகளுக்கு ஏழு வயது. டைபாய்டு வந்து ராமநாதபுரத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஒன்பது நாள். காய்ச்சல் ஏறும்போது அவள் கண் மேலே செருகும். அதை இரண்டு நாள் பார்த்தேன், மூன்றாம் நாள் என்னால் முடியவில்லை. ஆபீசில் லீவு இல்லை என்று மனைவியிடம் சொல்லிவிட்டுக் கீழக்கரை பஸ் ஏறிவிட்டேன். நான் லீவு கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள். கவுன்டரில் உட்கார்ந்து முத்திரை குத்திக்கொண்டே இருந்தேன். மத்தியானம் ஒரு தடவை ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணி எப்படி இருக்கிறாள் என்று கேட்பேன், அவ்வளவுதான். இத்தனை பாசம் வைத்த அப்பனால் இதைப் பார்க்க முடியுமா என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் அதை நம்பவும் செய்தேன்.

ஐந்தாம் நாள் லாத்தா பார்சலோடு வந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, ஒரு மாதிரி இருக்கீங்க?" என்றார். சொன்னேன். பார்சலை அப்படியே கவுன்டரில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"பிள்ள ஆஸ்பத்திரியில. நீங்க இங்க என்ன செய்றீங்க?"

"பார்க்க முடியல லாத்தா, அதான்."

"உங்க வீட்டம்மாவால மட்டும் முடியுதா?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. வரிசையில் நாலு பேர் நின்றார்கள். அவர் வேறொன்றும் சொல்லாமல் போய்விட்டார். மறுநாள் காலையில் அவரே பஸ் ஏறி ராமநாதபுரம் போய், பிளாஸ்கில் அரிசிக் கஞ்சியோடு என் மகள் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். அதுவரை என் மனைவி யாரென்றே அவருக்குத் தெரியாது. அவளைக் கொஞ்சம் படுக்கச் சொல்லிவிட்டுச் சாயங்காலம் வரைக்கும் இருந்திருக்கிறார். நான் போனது அன்று ராத்திரி. மிச்ச நாள் அங்கேயே இருந்தேன்.

பல வருஷம் கழித்து எபிக்டெட்டஸ் படித்தேன். அடிமையாக இருந்து விடுதலையாகி, கிரேக்கத்தில் நிக்கோபோலிஸ் என்ற ஊரில் தத்துவப் பாடம் சொன்னவர். அவர் சொன்னதை ஆரியன் என்ற மாணவர் எழுதி வைத்தார். அதில் முதல் புத்தகம், பதினோராம் அதிகாரம், இந்தக் குடும்ப அன்பைப் பற்றியது. ஓர் அதிகாரி அவரிடம் வருகிறார். என் மகளுக்கு உடம்பு சரியில்லை, பக்கத்தில் இருந்து பார்க்க மனசு தாங்கவில்லை, வெளியே ஓடிவிட்டேன், குணமாகிவிட்டாள் என்று ஆள் வந்து சொன்ன பிறகுதான் வீட்டுக்குப் போனேன் என்கிறார். பாசம்தான் அப்படிச் செய்ய வைத்தது என்கிறார். எபிக்டெட்டஸ் கேட்கிறார்: தாய்க்குப் பாசம் இல்லையா, அவளும் ஓடியிருக்க வேண்டுமா? வளர்த்த தாதி? அவளும் ஓடியிருக்க வேண்டுமா? அப்படியானால் உங்கள் எல்லோருடைய அதிகப்படிப் பாசத்தால் அந்தப் பிள்ளை தனியாகக் கிடந்து, பாசமே இல்லாதவர்கள் கையில் செத்துப்போயிருக்க வேண்டுமா?

புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். 1900 வருஷத்துக்கு முன்னால் கிரேக்கத்தில் கேட்ட கேள்வியை லாத்தா என் கவுன்டரில் ஒரே வரியில் கேட்டிருந்தார். அவர் எபிக்டெட்டஸ் பெயரைக் கேட்டவர் இல்லை. கேட்டிருக்க வேண்டியதும் இல்லை. இந்தக் கரைக்கு யவனர்கள் வந்து போனவர்கள்தான். வைகை முகத்துவாரத்துப் பக்கம் அழகன்குளத்தில் அவர்கள் சாடித் துண்டுகளும் ரோமானியக் காசுகளும் தோண்டி எடுத்திருக்கிறார்கள். ஆனால் இந்தக் கேள்வி கப்பலில் வந்தது என்று நான் நினைக்கவில்லை.

சரி, வியாபாரத்துக்கு வருகிறேன்.

புருஷன் இறந்த பிறகு பத்துப் பதினைந்து வருஷமாக லாத்தா தொதல் செய்து விற்கிறார். வாரத்தில் இரண்டு நாள்தான் சட்டி ஏறும், திங்களும் புதனும். வெள்ளிக்கிழமை கிடையாது. போய் நின்றவுடன் கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். இரண்டு நாள் முன்னால் சொல்லி வைக்க வேண்டும். பெருநாள் சமயம் என்றால் இரண்டு வாரம். அரைக் கிலோவுக்குக் குறைந்து தர மாட்டார். பேரம் பேசினால் கோபப்பட மாட்டார், ஆனால் விலையும் இறங்காது. ஜி-பே உண்டு, மருமகள் போனில்.

வாங்க வருபவரிடம் ஒரு கேள்வி கேட்பார்: "யாருக்கு?" பக்கத்து ஊர் என்றால் வாழையிலை விரித்த ஓலைக் கொட்டானில் வைத்துத் தருகிறார். அந்தக் கொட்டானில் ஒரு ராத்திரி இருந்த தொதலுக்குத் தனி வாசம் வந்துவிடும், அதற்காகவே நான் வீட்டுக்கு வாங்குவதைக் கொட்டானில் கேட்டு வாங்குவேன். வெளிநாடு என்றால் கவரில் போட்டுக் காற்றை உறிஞ்சி ஒட்டித் தருகிறார்கள். அந்த மெஷின் போன வருஷம் வாங்கியது. வயசானவர்களுக்கு என்றால் முந்திரியைக் குறைத்துப் போட்ட பக்கமாகப் பார்த்து வெட்டுகிறார். சின்னப் பிள்ளை என்றால் துண்டு சின்னதாகிவிடும்.

குறையும் சொல்ல வேண்டும். இரண்டு வருஷம் முன்னால் வாங்கிய ஒரு கிலோவை ஆறாமல் கட்டிவிட்டார்கள். கவருக்குள் வேர்த்து, எட்டாம் நாள் ஓரத்தில் பூசணம் பிடித்துவிட்டது. சொன்னபோது மருமகள் அரை மனதோடு கேட்டாள், லாத்தா உடனே வேறு ஒரு கிலோ தந்தார், காசு வாங்கவில்லை. அப்புறம் இப்போது ஒரு ராத்திரி முழுக்க ஆறவைத்துத்தான் கட்டுகிறார்கள். ஆறினதா என்று நீங்களும் கையை வைத்துப் பார்த்து வாங்குங்கள். சரியாக ஆறவைத்துக் கட்டியது எங்கள் வீட்டில் 12 நாள் வெளியிலேயே இருந்தது, ஒன்றும் ஆகவில்லை. இன்னொன்று, எண்ணெய் அதிகம். அது தொதலின் குணம், ஆனாலும் பழக்கமில்லாதவர்கள் இரண்டு துண்டோடு நிறுத்திக்கொள்வது நல்லது. சர்க்கரை இருப்பவர்களுக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். கருப்பட்டிதானே என்று சிலர் சாப்பிடுகிறார்கள், அதுவும் இனிப்புதான்.

அனுப்புவது லாத்தாவின் வேலை இல்லை. அதை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு தனியார் பார்சல் கம்பெனியில் கொடுத்த என் பெட்டி வழியிலேயே காணாமல் போனது, கடைசி வரை பதில் இல்லை. 30 வருஷம் பார்சல் கையாண்டவன் சொல்கிறேன்: முகவரியைப் பெட்டிக்கு வெளியே எழுதுவது மட்டும் போதாது, ஒரு சீட்டில் எழுதி உள்ளேயும் வையுங்கள். ஊருக்குப் போகிற ஆள் யாராவது இருந்தால் அவர் கையில் கொடுத்தனுப்புவதுதான் இன்றைக்கும் நல்ல வழி.

என் மகள் இப்போது தோஹாவில் நர்ஸ். 34 வயது. ஒன்பது நாள் கட்டிலில் கிடந்தவள், இப்போது ராத்திரி முழுக்க மற்றவர்கள் கட்டில் பக்கத்தில் நிற்கிறாள். போன மாதம் வாங்கியது அவளுக்குத்தான். அன்று சட்டி இறங்க அரை மணி நேரம் இருக்கும்போது நான் போய்ச் சேர்ந்தேன். கூலிக்கு வரும் பெண் அன்று வரவில்லை. மருமகளுக்குக் கை வலி. லாத்தா ஒற்றை ஆளாகப் பிடித்துக்கொண்டிருந்தார். கொடுங்கள் என்று வாங்கினேன். இவ்வளவு கனக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. களிமண்ணில் துடுப்பு போடுவது மாதிரி இருந்தது. அனல் முகத்தில் அடிக்கிறது, ஐந்தாம் நிமிஷத்திலேயே தோள்பட்டை விட்டுப்போயிற்று. ஒரு கணம் நிறுத்தி வேட்டியை மடித்துக் கட்டலாம் என்று பார்த்தேன்.

"கைய எடுக்காதீங்க தம்பி," என்றார் லாத்தா. "வேர்த்தா வேர்க்கட்டும்."

எடுக்கவில்லை. இறக்கும் வரைக்கும் நான்தான் பிடித்தேன்.

அந்தத் தொதல் தோஹா போய்ச் சேர்ந்த அன்று மகள் வீடியோவில் கூப்பிட்டாள். பேரனுக்கு நாலு வயது. துண்டை வாயில் போடாமல் விரலால் குழி குழியாக அழுத்திக்கொண்டிருந்தான், அது எழும்பி வருவதைப் பார்க்க. ஐந்து விரலிலும் எண்ணெய். பிசைந்து கொழகொழவென்று ஆனதை அவள் வாயில் திணித்தான். தம் மக்கள் சிறுகை அளாவிய கூழ் அமிழ்தைவிட இனிது என்று வள்ளுவர் சொன்னது சும்மா இல்லை, அவள் முகத்தைப் பார்த்தேன். இந்தத் தடவை நானும் கிண்டினேன் என்று சொன்னேன். "நீங்களா?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் லாத்தா எப்படி இருக்கிறார், முட்டி வலி தேவலையா, இன்னும் அவர்தான் விறகு தள்ளுகிறாரா என்று விசாரித்தாள்.

அவளோடு வேலை பார்க்கும் நேபாளப் பெண்ணுக்குத் தொதல் மிகவும் பிடித்துவிட்டதாம். அந்தப் பெண் ஊருக்குப் போய் மூன்று வருஷம் ஆகிறதாம். வரும் புதன்கிழமைக்கு மூன்று கிலோ சொல்லி வைத்திருக்கிறேன். "யாருக்கு?" என்று லாத்தா கேட்டார், சொன்னேன். அந்தப் பிள்ளைக்கு என்று ஒரு கிலோவைத் தனியாகக் கட்டச் சொல்லி மருமகளிடம் சொல்லிவிட்டார்.